கேட்டுக் கட்டிய காம்பரா

அன்றைக்கு எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பின்பக்கத்தில் நின்றவர்கள்: பிரதேச சபையிலிருந்து கட்டடம் பார்க்க வந்த உத்தியோகத்தர், அவரை எல்லாரும் டீ.ஓ. என்பார்கள், எங்கள் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர், அலவாங்கும் சுத்தியலும் தூக்கி வந்த இரண்டு ஆட்கள், வேலைக்குப் போகாத ஐந்தாறு பேர், நான்.

இல்லாதவர் பெரியம்மா. இடிக்கப்போகிற தகரக் காம்பரா அவருடையது. அந்த நேரத்தில் அவர் ஒரு மைலுக்கு அப்பால், தோட்டத்து ஆபீஸ் ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தார். “இடிக்கச் சொல்லிட்டீங்க, சரிங்க. நாங்களே கழட்டிக்கிடலாமாங்க? தகரம் ஒடையாம இருக்கும்” என்று கேட்பதற்காக, வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்காமல் போயிருந்தார். யாரிடம் அதைக் கேட்க வேண்டுமோ அந்தக் கிளாக்கர் இங்கே அவருடைய பின்வாசலில், சப்பாத்தில் சேறு படாமல் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

பெரியப்பாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. உள்ளே கட்டிலில் இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் “ம்” என்றார். கதை கேட்கிறவர் சொல்கிற “ம்” மாதிரி.

பெரியம்மா எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. அவர்கள் ஆறாம் காம்பரா, நாங்கள் ஏழாம் காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அங்கே தும்மினால் இங்கே என் அம்மா “நூறு” என்பார். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், திறந்து கிடக்கிற எங்கள் வாசலில் வந்து நின்று, “வரலாமா?” என்று கேட்டுத்தான் பெரியம்மா உள்ளே கால் வைப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தால் நாலு தடவையும் கேட்பார்.

“என்னாக்கா இது, தொர பங்களாவா? சும்மா வாங்களேன்” என்பார் அம்மா.

“இருக்கட்டுமே. கேட்டுட்டு வந்தா காலுக்கு ஒரு தைரியம்.”

கேட்பதுதான் அவர் குணம். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அங்கேதான் போய் முடியும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில், வெட்டிய குச்சியெல்லாம் மிலாறாகக் குவிந்து கிடக்கும். அதுதான் எங்களுக்கு விறகு. வெட்டிய அன்றைக்கே சனங்கள் கட்டுக் கட்டாகத் தூக்கிவிடும். பெரியம்மா மட்டும் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைத் தேடிப் போய், “பொறுக்கிக்கிடலாமாங்க?” என்பார். அவர், இன்னும் எண்ணவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். மறுநாள் மலையில் துடைத்த மாதிரி ஒன்றும் இருக்காது. கையளவு குச்சியோடு பெரியம்மா இறங்கி வரும்போது, கடைசிக் காம்பராவில் இருக்கும், ஆட்டோ ஓட்டுகிற த்ரீவீல் அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, “என்னாக்கா, பல்லு வெளக்கவா?” என்பார்.

ஒரு தடவை கொட்டகலையில் பஸ் ஏறினோம். பாதி பஸ் காலி. பெரியம்மா ஒரு வெற்று சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, சுற்றிலும் பார்த்து, “இதுல ஒக்காரலாமாங்க?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கண்டக்டர் பயல் டிக்கட் கிழித்துக்கொண்டே, “யாருக்கிட்டம்மா கேக்குற, சீட்டுக்கிட்டயா? அது ஒண்ணும் சொல்லாது, ஒக்காரு” என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் வெட்கத்தோடு சிரித்தேன். அவர் உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு என்னிடம் சொன்னார்: “இப்ப அவன் ஒக்காருன்னு சொல்லிட்டான்ல. இனி எவனும் என்னய எழுப்ப முடியாது.”

அதைப் பயந்த மனுஷியின் பேச்சு என்று அப்போது நினைத்தேன். நான் உயர்தரம் வரைக்கும் படித்தவன். எங்கள் வீட்டில் அந்த வகுப்பைக் கண்டது நான் ஒருவன்தான். ஆகையால் பயம் எது, உரிமை எது என்று எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் அவரிடமே சொன்னேன், “பெரியம்மா, எல்லாத்துக்கும் இப்புடி அனுமதி கேட்டுக்கிட்டு இருந்தா நம்மள அடிமைன்னுதான் நெனப்பாங்க.”

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

“தம்பி, நான் கேட்டா அவன் சரின்னு சொல்லணும், இல்ல இல்லேன்னு சொல்லணும். ரெண்டுல எதச் சொன்னாலும் அது அவன் சொன்னது. கேக்காம செஞ்சா அது நான் செஞ்சது. நாளைக்குக் கேசுன்னு வந்தா எம் பேரத்தானே எழுதுவான்?” கொஞ்சம் புடைத்துவிட்டு மறுபடி சொன்னார்: “இந்தக் காம்பராவுல இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். இருக்கலாம்னு ஒரு துண்டுக் கடுதாசி இருக்கா என்கிட்ட? சொல்லு. ஒரு எடத்துலயாவது, இது இவ எடம்னு ஒருத்தன் எழுதட்டுமே.”

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது அவர் வலப்பனைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே போய்க் கேட்க எனக்கு முகமில்லை.

பெரியப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை பேக்டரியில், வேலை செய்தவர். ஒரு மத்தியானம் அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது இடக்கையும் இடக்காலும் அவருடையவையாக இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் இழுவையோடு மிச்சமிருந்தது, கேலியும் மிச்சமிருந்தது. எங்கள் லயத்துக்குக் கக்கூசு மேட்டுக்குக் கீழே, அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும். நாலு கதவுகளில் ஒன்று இல்லை. பெரியம்மா அவரை முதுகில் சாய்த்து, ஒரு படிக்கு ஒரு மூச்சாக இறக்குவார். எதிரில் வருகிறவர்களைப் பார்த்து பெரியப்பா, “தேர் வருது, தேர் வருது, ஒதுங்குங்கப்பா” என்பார். மழைக் காலத்தில் படியில் பாசி. ஒரு தடவை தேர் சாய்ந்தது. இரண்டு பேரும் பதினொரு படி உருண்டார்கள். பெரியம்மாவின் முன்பல் ஒன்று போனது அப்போதுதான். வீட்டுக்கு வந்து இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பெரியம்மா சொன்னார், “பின்பக்கத்துல ஒரு சின்னக் காம்பரா போட்டுருவோம். கேட்டுட்டுப் போடுவோம்.”

எங்கள் லயத்தில் பின்பக்கம் இல்லாத வீடு இல்லை. ஒருவருக்கு ஆட்டுக் கொட்டில், ஒருவருக்கு விறகுச் சாய்ப்பு. த்ரீவீல் அண்ணன் பிளாக் கல்லிலே சமைக்கக் குசினி கட்டி, அதற்கு ஓடும் போட்டு, ஜன்னலுக்கு நீலப் பெயின்டும் அடித்திருந்தார். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பெரியம்மா கேட்கப் போகிறார் என்றதும் அவர் ஓடி வந்தார்.

“அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாலு தகரம், நாலு கம்பு. நாயித்துக்கெழம நானே வந்து அடிச்சுத் தர்றேன். ஆபீசுக்கு மட்டும் போயிறாதீங்க. நீங்க ஒங்க பின்பக்கத்தக் காட்டுனா அவன் எங்க பின்பக்கத்தையும் பாப்பான்.”

“ஒன் குசினிய நான் ஏண்டா சொல்லப் போறேன்?”

“சொல்ல வேணாம். அவனுக்குக் கண்ணு இருக்குல்ல.”

பெரியம்மா போனார். கிளாக்கர், தோட்டம் மட்டும் சொன்னால் பத்தாது, சபையில் கேள் என்றார். சபையில், காணி யாருடையது, அவர்களிடம் கடிதம் கொண்டு வா என்றார்கள். மறுபடி கிளாக்கரிடம் வந்தார். துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், லீவு என்றார் கிளாக்கர். துரை வந்தபின், ஆடிட் என்றார். ஒவ்வொரு தடவை போவதும் பெரியம்மாவுக்கு அரைப் பேர் நஷ்டம். எங்களுக்கு ஒரு நாள் கூலியைப் ‘பேர்’ என்பது வழக்கம். முழு நாளைக்கு ஒரு பேர், பாதி நாளைக்கு அரைப் பேர். நாலாம் மாதம் ஒரு கடிதம் கிடைத்தது. ஆட்சேபனை இல்லை என்று மூன்று வரி, கீழே துரையின் கையெழுத்து, சீல். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். என்னை வரச் சொல்லிக் காட்டினார். “இதுல எம் பேரு எங்க இருக்கு, காட்டு.” காட்டினேன். விரலை அதன் மேல் வைத்தார், அழுத்தாமல்.

சபையின் விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, வந்தால் தருவோம் என்றார்களாம். பெரியம்மா அதோடு எங்கள் வாசலுக்கு வந்து, “வரலாமா?” என்றார். லயத்தில் எல்லாருடைய படிவமும் என்னிடம்தான் வரும். எனக்கு அதில் பெருமை உண்டு. சிங்களம் ஆறு மாதம் வகுப்புக்குப் போய்ப் படித்து, சான்றிதழும் வாங்கியிருந்தேன். நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

என்ன கட்டப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம். ஒரே ஒரு வரி எழுதத்தான் இடம்.

“என்னா போடட்டும் பெரியம்மா?”

“சின்னக் காம்பரான்னு போடு. கக்கூசும் குளிக்கிற எடமும் சேத்து.”

எங்கள் ஊரில் நாலு பக்கம் மறைத்த எல்லாமே காம்பராதான். குடியிருப்பது காம்பரா, சாமான் போடுவது சாமான் காம்பரா, குளிக்க மறைப்புக் கட்டினால் குளிக்கிற காம்பரா. சிங்களத்தில் காமரய என்றால் ஆள் இருக்கிற அறை. எனக்கு இது தெரியும். கக்கூசுக்குச் சிங்களத்தில் வெசிகிளிய என்று சொல்ல வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் அதை எழுதும்போது ‘ல’ போடுவதா ‘ள’ போடுவதா என்று பேனா நின்றது. நம்மைப் போலவே சிங்களத்திலும் அந்த இரண்டு எழுத்தும் உண்டு. ஆனால் வாயில் சொல்லும்போது வித்தியாசம் கேட்காது. மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் வாங்கியவன், கக்கூசு என்ற வார்த்தையை எழுத்துப் பிழையோடு எழுதி, சபையில் எவராவது அதைக் காட்டிச் சிரித்தால்?

பெரியம்மா எதிரில் என் பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் யோசிப்பதும் எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. எழுத்துத் தெரிந்த வார்த்தையை மட்டும் எழுதினேன். குடா காமரயக். ஒரு சின்ன அறை.

“எல்லாம் போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

அழகான கையெழுத்து என்றார். அவருக்கு அது வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

சபையின் பதில் எங்களுக்கு நேராக வராது. லயத்துக்குத் தபால்காரர் ஏறுவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். வெள்ளிக்கிழமை தோறும் பெரியம்மா ஜன்னலுக்குப் போய், “எனக்குக் கடுதாசி வந்துச்சாங்க?” என்பார். கிளாக்கர் பெட்டியைப் பார்க்காமலே, “வரல” என்பார். ஏழு வெள்ளி போனது. மழை தொடங்கியது. எட்டாம் வெள்ளி பெரியம்மா வேறு கேள்வி கேட்டார்.

“ஐயா, கடுதாசி வாற வரைக்கும் சும்மா தகரத்துல மறச்சு வச்சுக்கிடலாமாங்க? அவர எறக்கி ஏத்த முடியலீங்க.”

கிளாக்கர் தலையாட்டினார்.

“கட்டலாமுங்களா?”

மறுபடியும் தலையாட்டினார். பெரியம்மா கும்பிட்டுவிட்டு ஓடி வந்தார். அடுத்து வந்த பௌர்ணமி லீவில், போயா தினத்தில், த்ரீவீல் அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து குழி வெட்டி, கக்கூசுச் சட்டி பதித்து, தகரம் அடித்தோம். அஞ்சடி அகலம், ஏழடி நீளம். பெரியப்பா பிடித்துக்கொள்ள ஒரு ஜீ.ஐ. பைப்பைச் சுவரோரம் நட்டோம். பெரியம்மா எல்லாருக்கும் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். த்ரீவீல் அண்ணனுக்கு மட்டும் பால் ஊற்றி.

முதல் தடவை பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் வரவில்லை. பெரியம்மா பயந்துபோய்த் தட்டினார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: “தட்டாதீங்க. தொர உள்ள வேலையா இருக்கார்.”

பதினெட்டு நாள் அந்தத் துரை அதில் இருந்தார். பத்தொன்பதாம் நாள் சபையின் கடிதத்தை ஆபீஸ் காவல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கடிதம். முதலாவது ஆறு வாரத்துக்கு முன் எழுதியது: இந்தச் சரிவு மண் இறங்கக்கூடியது என்று குறித்திருப்பதால், ஆள் தங்கும் அறை எதுவும் புதிதாகக் கட்ட அனுமதி இல்லை, ஏதாவது சொல்ல வேண்டுமானால் பதினாலு நாளுக்குள் வந்து சொல்லவும். இரண்டாவது, மறுப்பை மீறிக் கட்டிய அறையை அகற்றுவது பற்றி. தோட்டத்துக்கும் ஒரு பிரதி போயிருந்தது. வாசித்துச் சொன்னது நான். ‘அறை’ என்ற வார்த்தை வந்த இடத்தில் அதை அப்படியே வாசிக்காமல், ‘கட்டடம்’ என்று மாற்றி வாசித்தேன்.

“இல்லேங்கிறாங்களா?” என்றார் பெரியம்மா.

“ஆமா.”

“எதுக்காம்?”

“மண்ணு எறங்குமாம்.”

“அஞ்சடிக்கா? லயமே நிக்குது, அதுக்கு எறங்காத மண்ணு?” கொஞ்சம் யோசித்தார். “அப்ப கிளாக்கர் தலையாட்டுனாரே.”

அந்தக் கேள்வியைத்தான் கிளாக்கர் லயத்துக்கு வரும் வரைக்கும் வைத்திருந்து, இடித்த அன்றைக்கு நான் அவரிடம் கேட்டேன். அவர் கல்லின் மேல் நின்றபடியே சொன்னார்: “எப்பப்பா? அன்னிக்கா? அடேயப்பா, நான் போன்ல மச்சான்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னதுக்கு ஆட்டுனேன்.”

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு வருகிற விஷயம்தான் அது.

டீ.ஓ.வும் கெட்டவர் இல்லை. தகரக் கதவைத் திறந்து பார்த்தார். சட்டியைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் இருந்த பெரியப்பாவையும் எட்டிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். தம்பி என்பதற்கு ‘மல்லி’ என்று கூப்பிட்டு, சிங்களத்தில் பேசினார், மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று.

“மல்லி, இது கக்கூசு. எனக்குக் கண் தெரியும். ஆனா இதுல என்ன எழுதியிருக்கு, வாசி.”

என் நீல மை. என் அழகான கையெழுத்து.

“குடா காமரயக்” என்று வாசித்தேன்.

“கக்கூசுன்னு எழுதியிருந்தா இது எங்கிட்டயே வந்திருக்காது. சுகாதாரப் பக்கம் போயிருக்கும். அவர் வந்து குழியப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார், முடிஞ்சுது. இது அறைன்னு கோப்புல ஏறிருச்சு. இந்தச் சரிவுல அறைக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு மண் இறங்கினா? இத எடுத்துட்டு, கக்கூசுன்னு புது விண்ணப்பம் போடச் சொல்லு.” தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். “யார் எழுதினது இது?”

“தெரியாது, சேர்” என்றேன்.

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். எழுத்துப் பிழை வரக்கூடிய வார்த்தை எதுவும் அதில் இல்லை.

டீ.ஓ. திரும்பும்போது த்ரீவீல் அண்ணனின் குசினியைப் பார்த்தார். பிளாக் கல், ஓடு, நீல ஜன்னல். “அது?” என்றார். கிளாக்கர், “அது பழசு” என்றார். டீ.ஓ. கோப்பை ஒரு தடவை புரட்டினார். அந்தக் குசினிக்கு விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் கோப்பு இல்லை. கோப்பு இல்லாத ஒன்றை அவர் இடிக்க வரவில்லை. வந்த வேலையைப் பார்க்கச் சொன்னார். சுத்தியல்காரர்கள் ஆணியைப் பிடுங்கவில்லை. அதற்கு நேரமாகும். அலவாங்கால் நெம்பினார்கள். தகரம் ஆணி இருந்த இடத்திலெல்லாம் கிழிந்தது. சட்டி மூன்றாக உடைந்தது. முடிந்ததும் அவர்களில் ஒருவன், பெரியப்பாவின் பைப்பை மட்டும் சுழற்றிப் பிடுங்கி, வளையாமல், சுவரோரம் சாய்த்து வைத்தான். தோட்டத்து ஆள்தானே அவனும்.

பெரியம்மா மத்தியானம் திரும்பி வந்தார். ஆபீசில் கிளாக்கர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கம் வந்து பார்த்தார். கிழிந்த தகரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். “வரலாமா?” என்று கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து, ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். என் அம்மா அதைப் பார்த்துத்தான் அழுதார்.

புது விண்ணப்பத்துக்குத் தோட்டத்தின் கடிதம் மறுபடி வேண்டும். சபையிலிருந்து தோட்டத்துக்குக் கேள்வி வந்துவிட்டதால் துரை இனி யாருக்கும் கடிதம் கொடுப்பதில்லை என்று கிளாக்கர் சொன்னார். பெரியம்மா ஆறு தடவை கேட்டார். தேர் மறுபடி அறுபத்திரண்டு படி இறங்கியது. ஆனால் பெரியப்பா இப்போது “ஒதுங்குங்க” என்று சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். காலையில் ஒரு வாய் தேத்தண்ணி, அத்தோடு சரி. குடித்தால் இறங்க வேண்டும். உதடு வெடித்து, மூத்திரத்தில் எரிச்சல் வந்து, காய்ச்சலும் வந்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். டாக்டர், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா வேலையை விட்டுவிட்டு, அவரை மகள் வீட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். எங்கள் லயத்தை விட்டுப் போகிறவர்கள் காம்பராவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் தம்பிக்கோ மருமகனுக்கோ கொடுப்பார்கள். பெரியம்மா ஆபீசுக்குப் போய், “பூட்டி வச்சுக்கிடலாமாங்க?” என்று கேட்டார். கூடாது என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அது பிறகு. இடித்ததற்கு அடுத்த சம்பள நாளைத்தான் நான் எழுத வந்தேன்.

சாயங்காலம் சம்பளச் சீட்டோடு வந்தார். என் அம்மா பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தார். பெரியம்மா வாசலில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்னால், “வாங்க பெரியம்மா” என்றேன். உட்கார்ந்தார். சீட்டு கையிலேயே இருந்தது. எனக்கு அந்த மாதம் முழுவதும் தூக்கம் சரியில்லை. இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று பார்க்காமலே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

“பெரியம்மா, அந்தப் பாரத்துல நான் கக்கூசுன்னு எழுதல.”

“வேற என்னா எழுதுன?”

“சின்னக் காம்பரான்னு மட்டும் எழுதினேன். அவங்க குடியிருக்கிற அறைன்னு எடுத்துக்கிட்டாங்க. அதுதான் இல்லேன்னது. கக்கூசுன்னு எழுதியிருந்தா குடுத்திருப்பாங்களாம்.”

கூரை வரை எட்டாத சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமினார். பிறகு இருமல் நின்றது.

“ஏன் எழுதல?”

“சிங்களத்துல அதுக்கு எந்த எழுத்துன்னு தெரியல. பிழையாப் போட்டா சிரிப்பாங்கன்னு...”

பெரியம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்காத ஒன்றைப் பார்க்கிற மாதிரி.

“தெரியலேன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல தம்பி.”

“ஒங்களுக்கு எப்புடிப் பெரியம்மா தெரியும்? நீங்க சிங்களம்...”

“எனக்கு வாசிக்கத் தெரியாது. டிஸ்பென்சரிக் கக்கூசுக் கதவுல மூணு பாஷையிலயும் எழுதிப் போட்டிருக்கு. கேட்டிருந்தா ஒரு துண்டுக் கடுதாசிய எடுத்துக்கிட்டுப் போய், அப்புடியே பாத்து வரஞ்சுக்கிட்டு வந்திருப்பேன். கோலம் போடுறவதானே. எத்தன வளைவு இருந்தா என்னா?”

டிஸ்பென்சரி எங்கள் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் வகுப்புக்குப் போய் வந்தேன்.

பெரியம்மா சம்பளச் சீட்டை மேசைமேல் வைத்து, விரலால் தேய்த்து மடிப்பை நேராக்கினார்.

“சரி, இதப் படி. காசு கொறையுது. என்னா வெட்டியிருக்கான்னு பாரு.”

சங்கச் சந்தா, சேமலாபம், தேயிலைத்தூள், கோயில். எல்லாம் வழமையானவை. கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதையும் ஒரு தடவை எனக்குள்ளேயே வாசித்துப் பார்த்தேன். எழுத்து எல்லாம் தெளிவாக இருந்தது.

“இடிக்க வந்தாங்கல்ல பெரியம்மா, அந்த ரெண்டு ஆளுக்கும் அன்னிக்குப் பேர் போட்டிருக்காங்க. அத ஒங்க சம்பளத்துல வெட்டியிருக்காங்க.”

“எவ்வளவு?”

“ஒரு பேர் ஆயிரத்து முந்நூத்தி அம்பது.”

“ரெண்டு பேருக்கு?”

“ரெண்டாயிரத்து எழுநூறு ரூவா.”